3 போர்கள், ஒரு தேசம்: ஜெர்மனியை உருவாக்கிய பிஸ்மார்க் எங்கே நிறுத்தினார், எங்கே சறுக்கினார்?

1862 செப்டம்பரில் ஓட்டோ ஃபான் பிஸ்மார்க் பிரஷ்யாவின் பிரதமராகப் பொறுப்பேற்றபோது, மனுஷர் சில மாதங்கள் தாக்குப்பிடித்தாலே பெரிய விஷயம் என்றுதான் பெர்லினில் பலரும் நினைத்தார்கள். நாடாளுமன்றம் அவருக்கு எதிராக நின்றது. ராணி அகஸ்டாவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. மன்னரே வேறு வழியில்லாமல்தான் அவரை அழைத்திருந்தார். அரசை நடத்த ஒப்புதல் பெற்ற பட்ஜெட்கூட கையில் இல்லை.

அடுத்த 8 ஆண்டுகள் 4 மாதங்களில் டென்மார்க், ஆஸ்திரியா, பிரான்ஸ் என மூன்று நாடுகளோடு போர் நடந்தது. மூன்றிலும் பிரஷ்யா வென்றது. சிதறிக் கிடந்த ஜெர்மன் நாடுகள் ஒரே பேரரசாகின.

இந்தக் கதையைச் சொல்லும்போது பெரும்பாலும் துப்பாக்கியும் பீரங்கியும்தான் முன்னால் வரும். ஆனால், பிஸ்மார்க்கின் உண்மையான வேலை போர்க்களத்துக்கு வெளியே நடந்தது. ஒவ்வொரு போருக்கு முன்பும் எதிரிக்கு நண்பர்களே இல்லாமல் செய்வது ஒரு வேலை; ஜெயித்த பிறகு எங்கே நிறுத்துவது என்று முடிவெடுப்பது இன்னொரு வேலை. முதல் வேலையை மூன்று முறையும் கச்சிதமாகச் செய்தார். இரண்டாவது வேலையில் ஒருமுறை சறுக்கினார். அதன் விலையை ஐரோப்பா பல பத்தாண்டுகள் கொடுத்தது.

39 துண்டுகளாக ஒரு நிலம்

1815-ல் நெப்போலியன் வீழ்ந்த பிறகு, ஜெர்மன் மொழி பேசும் நிலப்பரப்பு 39 நாடுகள் கொண்ட ஒரு தளர்வான கூட்டமைப்பாக இருந்தது. சில பெரிய முடியரசுகள், பல சிற்றரசுகள், நான்கு சுதந்திர நகரங்கள். இவற்றுக்கு மேல் இரண்டு பெரியண்ணன்கள்: தெற்கே ஆஸ்திரியா, வடக்கே பிரஷ்யா. கூட்டமைப்பின் தலைமை நாற்காலி ஆஸ்திரியாவிடம் இருந்தது.

பொருளாதாரம் மட்டும் முன்கூட்டியே இணையத் தொடங்கியிருந்தது. 1834-ல் பிரஷ்யா தலைமையில் ஒரு சுங்க ஒன்றியம் உருவானது. அதற்குள் சரக்குகள் எல்லைக்கு எல்லை சுங்கம் கட்டாமல் போய்வர முடிந்தது. ஆஸ்திரியா இதில் இல்லை. ரயில் பாதைகளும் வேகமாகப் பெருகின.

அரசியல் ஒற்றுமைக்கான பெரிய முயற்சி 1848 புரட்சியில் நடந்தது. பிராங்க்ஃபர்ட்டில் கூடிய தேசிய சபை அரசமைப்புச் சட்டம் எழுதி, 1849-ல் பிரஷ்ய மன்னர் நான்காம் ஃபிரெட்ரிக் வில்ஹெல்முக்கு மகுடத்தை நீட்டியது. மக்கள் பிரதிநிதிகள் தரும் மகுடம் தனக்கு வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார். சபை கலைந்தது. கீழிருந்து வந்த முயற்சி தோற்றுப்போனது.

யார் இந்த பிஸ்மார்க்?

1815 ஏப்ரல் 1 அன்று, பெர்லினுக்கு மேற்கே எல்பே நதிக்கு அருகில் உள்ள ஷோன்ஹவுசனில் பிறந்தவர். அப்பா, ‘யுங்கர்’ எனப்படும் பிரஷ்ய நிலப்பிரபுக்கள் வகுப்பைச் சேர்ந்தவர். அம்மா, படித்த அரசு அதிகாரிகள் குடும்பத்துப் பெண். அப்பா வழியில் நிலமும் பழமைப்பற்றும், அம்மா வழியில் கூர்மையான அறிவும் வந்தன என்று வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் சொல்வதுண்டு.

கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் சட்டம் படிக்கப் போனவர், பாடத்தைவிட வாள் சண்டைகளுக்கும் கடன் வாங்குவதற்கும்தான் பெயர் எடுத்தார். அரசு வேலையில் சேர்ந்தார். மேலதிகாரிகளுக்கு அடங்கிப் போவது ஒத்துவராமல் விட்டுவிட்டார். சில ஆண்டுகள் பொமரேனியாவில் குடும்ப நிலங்களைக் கவனித்தார். 1847-ல் யோஹன்னா ஃபான் புட்காமரைத் திருமணம் செய்தார். அதே ஆண்டில்தான் பிரஷ்யப் பேரவையில் கால் வைத்தார்.

ஆள் ஆஜானுபாகு. ஆனால் குரல் மெல்லியது. அந்தக் குரலில் அவர் பேசியது, பழமைவாதிகளிலேயே தீவிரமான பழமைவாதம். 1848 புரட்சியின்போது, தன் கிராமத்து விவசாயிகளைத் திரட்டிக்கொண்டு பெர்லினுக்குப் போய் மன்னரைக் காப்பாற்றத் துடித்தவர். ஜெர்மன் ஒற்றுமை அப்போது அவருடைய கனவாக இருக்கவில்லை. பிரஷ்ய மன்னரின் அதிகாரம்தான் அவருக்கு முக்கியம்.

அவரை மாற்றியது பிராங்க்ஃபர்ட். 1851 முதல் 1859 வரை கூட்டமைப்பின் சபையில் பிரஷ்யாவின் தூதராக இருந்தார். அங்கே ஆஸ்திரியா தன்னை முதலாளியாகவும் பிரஷ்யாவை எடுபிடியாகவும் நடத்துவதை நேரில் பார்த்தார். இந்த வீட்டில் இரண்டு பேருக்கு இடமில்லை என்ற முடிவுக்கு வந்தார். பிறகு செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும் பாரீஸிலும் தூதர் பதவி. ரஷ்ய ஜார் என்ன நினைப்பார், பிரான்ஸின் மூன்றாம் நெப்போலியனுக்கு எதில் ஆசை என்பதையெல்லாம் பக்கத்திலிருந்து கவனிக்க அந்த ஆண்டுகள் உதவின.

பட்ஜெட் இல்லாத பிரதமர்

1861-ல் முதலாம் வில்ஹெல்ம் மன்னரானார். ராணுவத்தைப் பெரிதாக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மையாக இருந்த தாராளவாதிகள் பணம் ஒதுக்க மறுத்தார்கள். ராணுவம் யார் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும், மன்னரா, மக்கள் பிரதிநிதிகளா என்பதுதான் அடியில் இருந்த கேள்வி. வெறுத்துப்போன வில்ஹெல்ம் பதவி விலகல் கடிதமே எழுதி வைத்துவிட்டார். அந்த நேரத்தில் போர் அமைச்சர் ரோன் தந்தி அடித்துப் பாரீஸிலிருந்து பிஸ்மார்க்கை வரவழைத்தார்.

நாடாளுமன்றம் சம்மதிக்காவிட்டாலும் ஆட்சி நடத்துவேன் என்று பிஸ்மார்க் மன்னருக்கு உறுதி கொடுத்தார். சொன்னபடியே செய்தார். மன்னரும் இரு அவைகளும் ஒத்துப்போகாவிட்டால் என்ன செய்வது என்று அரசமைப்புச் சட்டத்தில் இல்லை; அப்படியானால் அரசு தன் வேலையைத் தொடரலாம் என்று ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, அனுமதி இல்லாமலேயே வரி வசூலித்தார். பதவியேற்ற சில நாட்களில் பட்ஜெட் குழு முன்பு அவர் பேசியதும் நாடு முழுவதும் அதிர்வை ஏற்படுத்தியது. காலத்தின் பெரிய கேள்விகளுக்குப் பேச்சும் பெரும்பான்மை வாக்கும் விடை தராது, இரும்பும் ரத்தமுமே தரும் என்பது அதன் சாரம். இந்தப் பேச்சுதான் இன்றுவரை அவருடைய அடையாளம்.

முதல் போர்: எதிரியையே கூட்டாளி ஆக்கிய கதை

ஷ்லெஸ்விக், ஹோல்ஸ்டைன் என்ற இரண்டு பகுதிகளை டென்மார்க் மன்னர் ஆண்டுவந்தார். ஹோல்ஸ்டைனில் பெரும்பாலும் ஜெர்மானியர்கள். ஷ்லெஸ்விக்கில் இருவரும் கலந்து வாழ்ந்தார்கள். 1863-ல் ஷ்லெஸ்விக்கை டென்மார்க்கோடு இறுக்கமாக இணைக்கும் புதிய அரசமைப்பை டென்மார்க் கொண்டுவந்தது. பெரிய நாடுகளுக்கு அது ஏற்கெனவே கொடுத்திருந்த வாக்குறுதிக்கு இது முரணானது.

பிஸ்மார்க் இங்கே தேசிய உணர்வைப் பேசவில்லை. ஒப்பந்தத்தை மீறிவிட்டார்கள் என்று மட்டும் பேசினார். அதனால் பிரிட்டனும் ரஷ்யாவும் குறுக்கே வரக் காரணம் கிடைக்கவில்லை. பிற்காலத்தில் தான் மோதப் போகிற ஆஸ்திரியாவையே பக்கத்தில் சேர்த்துக்கொண்டார். 1864 பிப்ரவரி 1 அன்று இரு நாட்டுப் படைகளும் ஷ்லெஸ்விக்குக்குள் நுழைந்தன. அக்டோபர் 30 அன்று வியன்னாவில் ஒப்பந்தம் கையெழுத்தானது. டென்மார்க் இரண்டு பகுதிகளையும் இழந்தது.

1865-ல் ஷ்லெஸ்விக் பிரஷ்யா நிர்வாகத்துக்கும், ஹோல்ஸ்டைன் ஆஸ்திரியா நிர்வாகத்துக்கும் போனது. வரைபடத்தைப் பார்த்தால் சிக்கல் புரியும். ஹோல்ஸ்டைன் வியன்னாவிலிருந்து எங்கோ தொலைவில், பிரஷ்யாவின் வாசலில் இருந்தது. எப்போது வேண்டுமானாலும் சண்டை இழுக்க ஒரு சாக்கு தயார்.

இரண்டாம் போர்: ஏழே வாரங்கள்

ஆஸ்திரியாவைத் தனிமைப்படுத்தும் வேலை போருக்கு வெகு முன்பே தொடங்கியது. 1863-ல் போலந்து மக்கள் ரஷ்யாவுக்கு எதிராகக் கிளர்ந்தபோது, பிஸ்மார்க் ரஷ்யாவின் பக்கம் நின்றார். போலந்துக்காரர்களுக்கு அது துரோகம். ஜாருக்கு அது மறக்க முடியாத உதவி. 1865 அக்டோபரில் பியாரிட்ஸ் கடற்கரை நகரில் மூன்றாம் நெப்போலியனைச் சந்தித்து, பிரான்ஸ் ஒதுங்கி நின்றால் பலன் உண்டு என்ற நம்பிக்கையை ஊட்டினார். எதையும் எழுத்தில் கொடுக்கவில்லை. 1866 ஏப்ரலில் இத்தாலியோடு மூன்று மாதக் கெடு வைத்து ஒரு ரகசியக் கூட்டணி. போர் வந்தால் இத்தாலி தெற்கிலிருந்து ஆஸ்திரியாவைத் தாக்கும். பரிசு வெனிஸ் பகுதி.

மே மாதம் பெர்லின் வீதியில் ஒரு மாணவர் பிஸ்மார்க்கை நோக்கிச் சுட்டார். பிஸ்மார்க் அவரைத் தானே மடக்கிப் பிடித்தார். பெரிய காயம் இல்லை. ஜெர்மானியரோடு ஜெர்மானியர் மோதும் போரை அன்று மக்களில் பலர் விரும்பவில்லை.

ஜூன் மாதம் போர் வெடித்தது. ஜெர்மன் நாடுகளில் பெரும்பாலானவை ஆஸ்திரியாவின் பக்கம். ஆனாலும் தளபதி மோல்ட்கே ரயில்கள் மூலம் படைகளை வேகமாகக் கொண்டுபோய்ச் சேர்த்தார். பிரஷ்ய வீரர்களின் துப்பாக்கியில் பின்பக்கம் குண்டு போடலாம், படுத்தபடியே சுடலாம். ஆஸ்திரியர்கள் நின்றுகொண்டு குழாய் வாய் வழியே மருந்து திணிக்க வேண்டியிருந்தது. ஜூலை 3 அன்று, இன்றைய செக் குடியரசில் உள்ள கோனிக்ரேட்ஸ் அருகே இரு தரப்பிலும் 4 லட்சத்துக்கும் அதிகமானோர் மோதினார்கள். மாலைக்குள் ஆஸ்திரியப் படை உடைந்தது.

ஜெயித்த பிறகு நடந்த சண்டை

பிஸ்மார்க்கின் வாழ்க்கையில் முக்கியமான மோதல் இதற்குப் பிறகுதான் வந்தது. எதிரில் நின்றது ஆஸ்திரியா இல்லை. அவருடைய சொந்த மன்னர்.

வியன்னா வரை போக வேண்டும், வெற்றி அணிவகுப்பு நடத்த வேண்டும், ஆஸ்திரியாவின் நிலத்தில் ஒரு பகுதியைப் பிடுங்க வேண்டும் என்று வில்ஹெல்மும் தளபதிகளும் துடித்தார்கள். போர் வேண்டாம் என்று தயங்கிய அதே மன்னர்தான் இவர். பிஸ்மார்க் முடியாது என்றார். படைக்குள் காலரா பரவிக்கொண்டிருந்தது. தாமதித்தால் நெப்போலியன் நடுவராக உள்ளே நுழைவார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆஸ்திரியாவை அவமானப்படுத்தினால் அது நிரந்தர எதிரியாகி, அடுத்த போரில் பிரான்ஸோடு கைகோக்கும். நாளைக்குத் தேவைப்படும் நாட்டை இன்று நசுக்கக் கூடாது என்பது அவர் கணக்கு.

நிக்கோல்ஸ்பர்க் அரண்மனையில் நாள் கணக்கில் வாக்குவாதம். ஒரு கட்டத்தில் ஜன்னல் வழியே குதித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியதாக பிஸ்மார்க் பிற்காலத்தில் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். கடைசியில் உதவிக்கு வந்தவர், அவரோடு பல விஷயங்களில் ஒத்துப்போகாத பட்டத்து இளவரசர் ஃபிரெட்ரிக். மகன் பேசிய பிறகு தந்தை மனமில்லாமல் இறங்கிவந்தார்.

ஆஸ்திரியாவிடமிருந்து பிரஷ்யா தனக்கென்று நிலம் எதையும் எடுக்கவில்லை. வெனிஸ் பகுதி மட்டும் இத்தாலிக்குப் போனது. ஜெர்மன் விவகாரங்களிலிருந்து ஆஸ்திரியா விலகிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

இந்தத் தாராளம் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. ஆஸ்திரியாவோடு நின்ற ஹனோவர், ஹெஸ்ஸே காசல், நசாவ், பிராங்க்ஃபர்ட் ஆகியவற்றைப் பிரஷ்யா அப்படியே விழுங்கியது. ஹனோவர் மன்னரின் சொத்து பறிபோனது. அந்தப் பணம் கணக்குக் காட்டத் தேவையில்லாத ரகசிய நிதியாக பிஸ்மார்க் கைக்கு வந்தது. பிஸ்மார்க்கின் நிதானம், கணக்குப் பார்த்து வந்த நிதானம். தேவைப்படாத இடத்தில் அது வரவில்லை.

1867-ல் பிரஷ்யா தலைமையில் வட ஜெர்மன் கூட்டமைப்பு உருவானது. எதிர்த்து நின்ற தாராளவாதிகளில் பலர் வெற்றியைப் பார்த்து மனம் மாறினார்கள். நான்கு ஆண்டுகள் பட்ஜெட் இல்லாமல் செலவு செய்ததற்கு நாடாளுமன்றமே பின்தேதியிட்டு ஒப்புதல் கொடுத்தது.

மூன்றாம் போர்: சுருக்கப்பட்ட ஒரு தந்தி

பவேரியா, வூர்ட்டம்பர்க், பாடன் ஆகிய தென்னக நாடுகள் இன்னும் வெளியே இருந்தன. பெரும்பாலும் கத்தோலிக்கர்கள் வாழும் பகுதிகள். பிரஷ்யா என்றாலே சந்தேகம். வெளியிலிருந்து ஆபத்து வந்தால் பிரஷ்யாவோடு சேர்ந்து போரிடுவோம் என்ற ரகசிய ஒப்பந்தம் மட்டும் ஏற்கெனவே இருந்தது.

1868-ல் ஸ்பெயின் ராணி பதவி இழந்தார். காலியான அரியணைக்கு, பிரஷ்ய மன்னரின் உறவினரான இளவரசர் லியோபோல்டின் பெயரை பிஸ்மார்க் திரைமறைவில் தள்ளினார். இரண்டு பக்கமும் ஒரே குடும்பமா என்று பிரான்ஸ் கொதித்தது. 1870 ஜூலை 12 அன்று லியோபோல்டின் பெயர் திரும்பப் பெறப்பட்டது. பிரான்ஸுக்கு அது ராஜதந்திர வெற்றி. அதோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. மறுநாள் எம்ஸ் நகரில் ஓய்வில் இருந்த வில்ஹெல்மிடம், இனி ஒருபோதும் இந்தக் கோரிக்கை எழாது என்று உறுதி தரும்படி பிரெஞ்சுத் தூதர் பெனடெட்டி வற்புறுத்தினார். மன்னர் பண்போடு மறுத்தார். நடந்ததை விவரித்து பிஸ்மார்க்குக்கு ஒரு தந்தி போனது. மோல்ட்கே, ரோன் இருவருடனும் இரவு உணவில் இருந்த பிஸ்மார்க், அந்தத் தந்தியைச் சுருக்கிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். இல்லாத சம்பவம் எதையும் சேர்க்கவில்லை, இருந்ததை வெட்டினார். வெட்டிய பிறகு படித்தால், மன்னர் தூதரை முகத்தில் அடித்தாற்போல் விரட்டியதாகத் தெரிந்தது. பாரீஸ் கொந்தளித்தது. ஜூலை 19 அன்று பிரான்ஸ் போர் அறிவித்தது.

போரை அறிவித்தது பிரான்ஸ் என்பதால், தென் ஜெர்மன் நாடுகள் பிரஷ்யாவோடு கிளம்பின. பெல்ஜியத்தை விழுங்க பிரான்ஸ் முன்பு தயாரித்திருந்த ஒரு ஒப்பந்த வரைவை பிஸ்மார்க் லண்டன் நாளிதழில் வெளியாகச் செய்தார். பிரிட்டனின் அனுதாபமும் போனது. ரஷ்யா நட்பாகவே இருந்தது. ஆஸ்திரியாவில் பழிதீர்க்க விரும்பியவர்கள் இருந்தார்கள். ஆனால் ஹங்கேரியத் தலைவர்களின் எதிர்ப்பும் பிரஷ்யாவின் வேகமும் அவர்களைத் தடுத்தன. மீட்க வேண்டிய நிலம் என்று ஒன்று பிரஷ்யாவிடம் இல்லாததும் சேர்ந்துகொண்டது. நிக்கோல்ஸ்பர்க் முடிவின் பலன் இப்போது தெரிந்தது.

செப்டம்பர் 2 அன்று செடானில் மூன்றாம் நெப்போலியனே கைதியானார். கூடவே சுமார் 1 லட்சம் வீரர்கள். ஆனால், பாரீஸில் உருவான புதிய குடியரசு போரைத் தொடர்ந்தது. நான்கு மாத முற்றுகை. பசியில் நகர மக்கள் குதிரைகளையும் எலிகளையும் தின்றார்கள். உயிரியல் பூங்கா யானைகள்கூட இறைச்சிக் கடைக்குப் போயின.

எதிரியின் அரண்மனையில் ஒரு மகுடம்

தென்னக நாடுகளை உள்ளே கொண்டுவர பிஸ்மார்க் பேரம் பேசினார். பவேரியாவுக்குத் தனி அஞ்சல் துறை, தனி ரயில்வே, அமைதிக் காலத்தில் தன் படைமீது அதிகாரம், பீர் வரி என்று சலுகைகள். கோட்டைகள் கட்டிக் கடனில் மூழ்கியிருந்த பவேரிய மன்னர் இரண்டாம் லுட்விக், பேரரசர் பட்டத்தை ஏற்கும்படி வில்ஹெல்முக்குக் கடிதம் அனுப்பினார். அந்தக் கடிதத்தின் வரைவை எழுதிக் கொடுத்தவர் பிஸ்மார்க். லுட்விக்குக்குப் பணம் போனது, ஹனோவர் மன்னரிடம் பறித்த அந்த ரகசிய நிதியிலிருந்து.

1871 ஜனவரி 18 அன்று வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்தில் ஜெர்மன் பேரரசு பிரகடனம் செய்யப்பட்டது. பட்டத்தின் பெயரில் தான் கேட்டது கிடைக்காத கோபத்தில், புதிய பேரரசர் பிஸ்மார்க்குக்குக் கைகூடக் கொடுக்காமல் நடந்து போனார். மண்டபத்தில் நிறைந்திருந்தவர்கள் இளவரசர்களும் ராணுவ அதிகாரிகளும்தான். 1849-ல் மகுடம் நீட்டியது மக்கள் சபை; இம்முறை அது முடியரசர்கள் தந்த மகுடம்.

நிறுத்த மறந்த இடம்

1871 மே 10 அன்று பிராங்க்ஃபர்ட்டில் சமாதான ஒப்பந்தம். பிரான்ஸ் 500 கோடி ஃபிராங்க் இழப்பீடு தர வேண்டும். அல்சாஸ் பகுதியையும் லொரைனின் ஒரு பகுதியையும் விட்டுக்கொடுக்க வேண்டும்.

பணத்தை பிரான்ஸ் 1873-க்குள் கட்டி முடித்துவிட்டது. நிலம்தான் ஆறாத காயமானது. சுமார் 15 லட்சம் பேர் வாழ்ந்த அந்தப் பகுதிகளில், மக்கள் விருப்பத்தை யாரும் கேட்கவில்லை. பலர் பேசியது ஜெர்மன் வட்டார மொழி என்றாலும், மனதளவில் பிரெஞ்சுக் குடிமக்கள். அவர்களுடைய பிரதிநிதிகள் பிரெஞ்சு சபையில் எதிர்ப்பைப் பதிவு செய்துவிட்டு வெளியேறினார்கள். பாரீஸில் ஸ்ட்ராஸ்பர்க் நகரைக் குறிக்கும் சிலை கறுப்புத் துணி போர்த்தி நின்றது.

தளபதிகளுக்குக் கோட்டைகள் வேண்டும், பொதுமக்களுக்கு வெற்றிக்குச் சாட்சி வேண்டும். 1866-ல் மன்னரையே எதிர்த்து நின்றவர், இம்முறை நிற்கவில்லை. பிரான்ஸ் எப்படியும் பழிவாங்கத்தான் பார்க்கும், அதை பலவீனமாக வைப்பதே மேல் என்று கணக்குப் போட்டார். ஆஸ்திரியா விஷயத்தில் எதைத் தவிர்த்தாரோ, அதையே பிரான்ஸிடம் செய்தார்.

19 ஆண்டு காவல்

அதன் பிறகு பிஸ்மார்க் போர் தொடங்கவே இல்லை. ஜெர்மனிக்கு இனி நிலம் தேவையில்லை என்பதைப் பிற நாடுகளுக்குத் திரும்பத் திரும்ப உணர்த்தினார். பிரான்ஸுக்கு ஒரு பெரிய கூட்டாளி கிடைத்துவிடக் கூடாது என்பதே மிச்சமிருந்த ஆட்சிக்காலம் முழுவதும் அவரது கவலை. 1878-ல் பெர்லினில் வல்லரசுகளைக் கூட்டிப் பால்கன் சிக்கலுக்கு நடுவரானார். 1879-ல் ஆஸ்திரியாவோடு கூட்டணி, 1882-ல் அதில் இத்தாலி, 1887-ல் ரஷ்யாவோடு ஒரு ரகசிய ஒப்பந்தம்.

உள்நாட்டில் இதே நிதானம் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையோடு மோதினார். பாதிரியார்கள் சிறைக்குப் போனார்கள். 1878-ல் சோஷலிஸ்ட் அமைப்புகளைத் தடை செய்தார். போலந்து மக்கள்மீது கெடுபிடி காட்டினார். ஆனால், தொழிலாளர்கள் சோஷலிஸ்டுகள் பக்கம் போய்விடாமல் இருக்க, 1883-ல் மருத்துவக் காப்பீடு, 1884-ல் விபத்துக் காப்பீடு, 1889-ல் முதியோர் ஓய்வூதியம் ஆகியவற்றைக் கொண்டுவந்ததும் அவர்தான். சம்பளத்தில் பிடித்தம் செய்து நடத்தும் சமூகக் காப்பீட்டுத் திட்டங்களுக்கு இது ஒரு முன்னோடி.

1888-ல் முதலாம் வில்ஹெல்ம் இறந்தார். அடுத்து வந்த ஃபிரெட்ரிக் 99 நாட்களில் புற்றுநோயால் மறைந்தார். 29 வயதில் பேரரசரான இரண்டாம் வில்ஹெல்முக்கு, தாத்தா காலத்துச் சான்சலரின் நிழலில் இருக்கப் பிடிக்கவில்லை. 1890 மார்ச்சில் பிஸ்மார்க் பதவியிலிருந்து வெளியேற்றப்பட்டார். அதே ஆண்டு ரஷ்யாவோடு போட்ட ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. 1894-க்குள் ரஷ்யாவும் பிரான்ஸும் கூட்டாளிகள் ஆகிவிட்டன. அவர் 19 ஆண்டுகள் எதைத் தடுத்தாரோ, அது நான்கே ஆண்டுகளில் நடந்தது.

1898 ஜூலை 30 அன்று ஃபிரெட்ரிக்ஸ்ரூ இல்லத்தில் 83 வயதில் பிஸ்மார்க் காலமானார். 1914-ல் முதல் உலகப் போர் வெடித்தபோது ஜெர்மனி இரண்டு பக்கமும் எதிரிகளோடு நின்றது. தோற்ற பிறகு அல்சாஸும் லொரைனும் பிரான்ஸுக்கே திரும்பின. 1919-ல் ஜெர்மனி அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட இடம், பேரரசு பிறந்த அதே கண்ணாடி மண்டபம்.

எல்லாம் ஒரு சின்னப் பேரரசரின் அவசரத்தால் வந்த வினை என்று சொல்லிவிட முடியாது. சான்சலர் நாடாளுமன்றத்துக்கு அல்ல, பேரரசருக்கு மட்டுமே பதில் சொன்னால் போதும் என்ற அரசமைப்பை எழுதியவர் பிஸ்மார்க். மன்னர் தன் பேச்சைக் கேட்கும்வரை அது அவருக்கு வசதியாக இருந்தது. கேட்காத மன்னர் வந்தபோது, அவரைக் காப்பாற்றவும் ஆள் இல்லை, மன்னரைத் தடுக்கவும் ஆள் இல்லை. 1866-ல் ஒரு போரை நிறுத்த பிஸ்மார்க் என்ற தனிமனிதர் இருந்தார். 1914-ல் நிறுத்தியாக வேண்டிய இடத்தில், நிறுத்தும் அதிகாரம் யாரிடமும் அவர் விட்டுவைத்திருக்கவில்லை.